சன்மார்க்க சங்கத்துக்குப் போனால் என்ன நடக்கும்? காய் நறுக்கும் நேரத்துக்கு வாருங்கள்

கேள்வி இதுதான்: "வேலை மாற்றலில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் வந்திருக்கிறேன், வயது 26. கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்றே எனக்குத் தெளிவில்லை. ஆனால் தெரிந்தவர் யாருமில்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. சாதி கேட்காத, சடங்கு கட்டாயமில்லாத, வள்ளலார் வழியில் நடக்கிற சன்மார்க்க சங்கம் ஒன்று இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே என்ன நடக்கும், என்னைப் போன்றவன் போகலாமா, வரும் மாதங்களில் என்ன நிகழ்ச்சிகள்?"

வயதைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். போகலாம் தம்பி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பெயர் பதிய வேண்டாம், வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டியதும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வழிபாட்டு நேரத்தைப் பார்த்து வராதீர்கள், அதற்கு முன்னால் காய் நறுக்குகிற நேரத்துக்கு வாருங்கள். புதிதாக வருகிற எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்வேன், காரணம் இருக்கிறது.

எங்கள் சங்கம் நடக்கிற இடம் ஒரு காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகை. விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அம்மாமார்கள் பிள்ளைகளை விட்டுப்போன இடம், நானும் அங்கே ஏணையில் கிடந்தவள்தான். பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின, பாதிப் பேர் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தோம், மீதிப் பேர் ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். கொட்டகை மட்டும் நின்றது. அதைச் சுத்தம் செய்து, கூரைத் தகரம் மாற்றி, நடுவில் ஒரு விளக்கு வைத்தோம். சிலை கிடையாது, உண்டியல் கிடையாது, குருக்கள் கிடையாது. கண்ணாடிக்குள் ஒரு தீபம், சுற்றிலும் பாய், ஓரமாகச் சில நாற்காலிகள், முழங்கால் வலிக்காரர்களுக்கு. அவ்வளவுதான் சபை. ஆனால் பின்பக்கம் போனால் அடுப்படி, அது சபையைவிடப் பெரியது.

இது இடம் கிடைத்தபடி கட்டியதால் வந்ததல்ல. வள்ளலார் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23. சத்திய ஞான சபையில் முதல் சோதி தரிசனம் 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. நடுவில் கிட்டத்தட்ட 5 வருஷம். முதலில் அடுப்பு, அப்புறம்தான் விளக்கு. அன்று அங்கே மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விடாமல் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் தத்துவம் பேசுவதில்லை, இந்த இரண்டு தேதிகளைச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்றால், காலை 7 மணிக்கு நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். 8 கிலோ அரிசி, சாம்பார், ஒரு பொரியல், பெரும்பாலும் முட்டைக்கோஸ் அல்லது பயத்தங்காய். சந்தையில் காய் விற்கிற சீன அம்மா ஒருவர் மிஞ்சியதை எடுத்து வைத்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார், பூசத்தன்று சில நேரம் தானே வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார். 11 மணிக்குள் எழுபது எண்பது பொட்டலம் கட்டி முடித்துவிடுவோம். பாதி இங்கேயே வருகிறவர்களுக்கு, மீதி பேருந்து நிலையத்துக்கும், தனியாக இருக்கிற வயதானவர்களின் வீட்டுக்கும், தொழிற்சாலை விடுதியில் இருக்கிற நேப்பாள், வங்காளதேசத் தம்பிகளுக்கும். பொட்டலத்தோடு துண்டறிக்கை வைப்பதில்லை, இதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். யார் எந்த மதம், ஏன் பசி, வேலைக்குப் போகலாமே, குடிப்பவனுக்கா போடுகிறீர்கள், இந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. பசித்தவனின் ஊர், மதம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் பசியை ஆற்ற வேண்டும் என்பது வள்ளலார் 'சீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் எழுதி வைத்தது. படிக்க எளிது. எதிரே ஒருவன் சம்சு என்கிற மலிவுச் சாராய வாடையோடு மூன்றாவது பொட்டலம் கேட்டு நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு கொடுப்பதற்கு எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

வழிபாடு அப்புறம்தான். அரை மணி நேரம், அதிகம் போனால் முக்கால் மணி. விளக்கேற்றுவோம், அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தைச் சேர்ந்து சொல்வோம், வள்ளலார் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவலில் ஒரு பகுதி படிப்போம், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு நம்பிக்கையில் தெளிவில்லை என்கிறீர்கள். வள்ளலாரே இளவயதில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர், பிறகு சைவத்தில் ஊறியவர், கடைசியில் 1873இல் வடலூர் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேசியபோது சமயங்களில் லட்சியம் வைக்க வேண்டாம், எனக்கும் முன்பு சைவத்தில் அந்தப் பற்று இருந்தது, இப்போது இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். தன் மனம் மாறியதைத் தன் கூட்டத்தின் நடுவே நின்று சொன்ன ஒருவரின் பெயரில் நடக்கிற சங்கத்தில், மனம் தெளியாத ஒருவர் வந்து உட்காருவதில் என்ன குறை?

நான் எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். என் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் வழக்கப்படி என் தாலியைக் கழற்றி வாங்கினார்கள், நான் எதுவும் பேசவில்லை, பேசலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஏழெட்டு மாதம் கழித்து உறவில் ஒரு கல்யாணம். நான் தூக்கி வளர்த்த பெண். மேடைக்குப் பக்கத்தில் குத்துவிளக்குத் திரி சரியில்லை என்று தூண்டிவிடப் போனேன், ஒருவர் என் கையைப் பிடித்து, "நீ வேண்டாம்மா, வேற யாராச்சும் செய்யட்டும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், கோபமாகக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதற்கடுத்த மாதப் பூசத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார், பொழுது போகட்டும் என்று போனேன். வெங்காயம் உரித்தேன், பாத்திரம் கழுவினேன், கைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய் உட்காரலாம் என்று இருந்தபோது ஒரு பெரியம்மா தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு முதல்ல வந்தது நீதானே, நீ ஏத்து." நான் என் நிலைமையைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து படித்துக் காட்டினார். புருஷன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம், கருமாதி திதி வேண்டாம் என்று வள்ளலாரே எழுதியிருக்கிறார். 1874இல் மறைந்தவர், அதற்கு முன்பே எழுதியது. 150 வருஷத்துக்கு மேலாக அது அந்தப் புத்தகத்தில் இருந்திருக்கிறது, எங்கள் லயத்தில் ஒருவர்கூட எனக்கு அதைச் சொன்னதில்லை. அன்றைக்கு விளக்கை நான்தான் ஏற்றினேன், முதல் குச்சி அணைந்துவிட்டது, இரண்டாவதில் ஏற்றினேன். அதிலிருந்து ஒரு பூசம்கூட விட்டதில்லை.

எல்லாம் சுமுகம் என்று நினைத்து வந்து ஏமாற வேண்டாம், அதனால் ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கடையில் வேலை செய்கிற ஒரு தம்பி போன வருஷம் வர ஆரம்பித்தான். நல்ல கை, நூறு பேருக்கு அசராமல் சாதம் வடிப்பான். புலால் மறுத்தல் சன்மார்க்கத்தின் அடிப்படை, கொலையும் புலாலும் விடாதவர்களை வள்ளலார் புறவினத்தார் என்கிறார், அவர்களுக்குப் பசி தவிர்க்கலாம், அதற்கு மேல் உரிமை கொடுக்க முடியாது என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னார். அவர் சொன்னது தப்பில்லை, எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவன் சாப்பாட்டுக்கு வரவில்லையே, சாப்பாடு போடத்தானே வருகிறான் என்று நாங்கள் சிலர் கேட்டோம். மூன்று வாரம் இழுத்தது, இரண்டு குடும்பங்கள் கொஞ்ச நாள் வராமல் இருந்தார்கள், பிறகு வந்துவிட்டார்கள். கடைசியில் அவன் சமைக்கமாட்டான், ஆனால் பொட்டலங்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று முடிவானது. எனக்கு இதில் இன்னும் திருப்தியில்லை. வீட்டுக் கஷ்டத்துக்காக அந்த வேலைக்குப் போகிறவன், வேறு வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறான், அவன் கையால் சோறு வடித்தால் எந்தப் பசி ஆறாமல் போய்விடும்? அடுத்த கூட்டத்தில் மறுபடி இதைக் கேட்கப்போகிறேன், நீங்கள் வந்தால் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லலாம். புதியவன் பேசக்கூடாது என்ற வழக்கம் இங்கே இல்லை.

சாதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்கமாட்டார்கள். கேட்காததோடு, பெயருக்குப் பின்னால் எதுவும் போட்டுக்கொள்வதும் கிடையாது. என் பாட்டி கங்காணி வீட்டுக்குப் போனால் தனிக் குவளையில்தான் தண்ணீர், அதை நானே பார்த்திருக்கிறேன், அப்போது காரணம் தெரியாது. இன்று அந்த வீட்டுப் பேத்தியும் நானும் ஒரே அண்டாவை இருபக்கமும் பிடித்துத் தூக்கி இறக்குகிறோம்.

இதைத் தவிர வாரநாட்களில் நடப்பது பல. ஈப்போ மருத்துவமனைக்கு மாதாந்தரம் போக வேண்டியவர்களுக்கு யார் கார் எடுப்பது என்று ஒரு முறை போட்டு வைத்திருக்கிறோம். இன்னும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற இரண்டு பாட்டிமார்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அலுவலகத்துக்கு அழைத்துப் போவதும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை எஸ்.பி.எம். என்கிற பள்ளியிறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம், ஆள் போதவில்லை. நீங்கள் என்ன படித்தீர்கள் என்று எழுதவில்லை, கணிதம் வருமென்றால் சொல்லுங்கள். பணம் என்று கேட்டால், முடிந்தவர்கள் மாதம் ஐந்து வெள்ளி பத்து வெள்ளி (ரிங்கிட்), ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். 1960இல் ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் கட்சியின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்க வேண்டும் என்று தோட்டம் தோட்டமாகப் பணம் சேர்த்தார்களே, என் அப்பாவும் அதில் பங்கு போட்டவர். கட்டின ஒவ்வொரு வெள்ளியையும் எழுதி வைத்திருப்பார். நோட்டை மாட்டி வைக்கிற பழக்கத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது நான்தான், அப்பாவிடமிருந்து வந்தது.

சரி, வரப்போகும் நிகழ்ச்சிகள். இது செப்டம்பர், அதனால் முதலில் அக்டோபர் 5. வள்ளலார் 1823இல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்த நாள், சன்மார்க்கத்தில் வருவிக்கவுற்ற நாள் என்போம். காலை 6 மணிக்கு அகவல் முழுவதும் படிப்போம், 1596 அடி, ஒருவரே படிக்கமாட்டார், கையில் கையாக மாறும், தமிழ் தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளுக்கும் பத்து அடி உண்டு, அவர்கள் முடிக்கும்வரை எல்லோரும் பொறுமையாக இருப்போம். அன்றைக்கு 30 கிலோ அரிசி, முந்தின நாள் இரவே வேலை ஆரம்பித்துவிடும். அக்டோபர் 22 கொடியேற்றம், மேலே மஞ்சள் கீழே வெள்ளை, சின்ன நிகழ்ச்சி, அரை மணியில் முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு முறுக்கு சுட்டு வீடு வீடாகக் கொண்டுபோவோம், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வயதானவர்களின் வீட்டில் சும்மா கொடுத்துவிட்டு ஓடி வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். மாதப் பூசம் வேலை நாளில் வந்தால் இரவு 8 மணிக்கு, நாள் மாறிக்கொண்டே இருக்கும், புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முந்தின வாரமே போட்டுவிடுவார்கள்.

பெரியது தைப்பூசம்தான். விளக்குக்கு முன்னால் 7 திரைகள், கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லா நிறமும் கலந்தது. ஒவ்வொன்றாக விலகி சோதி தெரிய வேண்டும், நம் அறிவை மறைக்கிற திரைகள் அவை என்பது பொருள். போன வருஷத் திரைகள் சாயம் போய்விட்டன, இந்த முறை புதிதாகத் தைக்கிறோம், துணி ஈப்போவில் எடுத்தாயிற்று, டிசம்பரில் தையல். விடிகாலை தரிசனம் முடிந்ததும் எங்களில் பாதிப் பேர் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கப் போவார்கள். ஆமாம், சன்மார்க்க சங்கத்துக்காரர்கள்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை, அது அவரவர் நேர்த்தி, அம்மா வழியில் வந்தது. மீதிப் பேர் அங்கேயே ஊர்வலப் பாதையில் மோர்ப் பந்தல் போடுவோம், மாலைவரை அங்கே இருந்து குவளைகளைப் பொறுக்கிப் பைகளில் கட்டிவிட்டுத்தான் திரும்புவோம்.

வருகிற ஞாயிறே வாருங்கள். மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் வந்து நின்று செய்தி போட்டால் அந்தக் கோழிக்கடைத் தம்பி மோட்டாரில் வந்து கூட்டிக்கொள்வான், உள்ளே வருகிற பாதை செம்மண், மழை பெய்தால் காரைவிட மோட்டார் நல்லது. 7 மணி என்றால் 7 மணிதான். வீட்டில் நல்ல கத்தி இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருக்கிற நாலில் இரண்டுதான் வெட்டுகிறது. இந்த வாரம் பூசணிக்காய்.