தாடைக்குக் கீழே வருவது பருதானா?

கேள்வி: எனக்கு 23 வயது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பைக்கில் புதுச்சேரிக்குப் போய் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். மழமழவென்று ஷேவ் செய்துகொண்டுதான் நிற்க வேண்டும். ஆனால் மறுநாளே கன்னத்திலும் தாடைக்குக் கீழேயும் பரு கிளம்பிவிடுகிறது. சலூனில் படிகாரம் தேய்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஷேவிங்கால் பரு உண்டாவதில்லை தம்பி. எண்ணெய் சுரந்து, துவாரம் அடைத்து, உள்ளே கிருமி பெருகுவதால் வருவது பரு. பிளேடு அதன் தலையைச் சீவி ரணமாக்கும், அவ்வளவுதான்.

தாடைக்குக் கீழே இருப்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புடைப்பின் நடுவே முடி ஒன்று சுருண்டு தெரிந்தால் அது பருவே அல்ல, உள்ளே வளர்ந்த முடி. தோலை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இன்னொரு முறை வழித்தால் முடி தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். அந்தக் கூர்முனை வெளியே வர வழியின்றிப் பக்கத்துத் தோலையே குத்தும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். சலூன்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் திருப்திப்படும் அந்த வழுவழுப்புதான் வினை. போதாததற்கு ஹெல்மெட் வார் வேறு அதே இடத்தில் உரசுகிறது.

ஆகவே முடிந்தவரை டிரிம்மர் போதும். 1 மில்லிமீட்டர் முடி விட்டால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. பிளேடுதான் என்றால் இரவில் குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள். முடி ஊறியிருக்கும், வெயிலுக்கும் வியர்வைக்கும் முன் தோலுக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, ஷேவிங் ஜெல் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். கழுத்தில் முடி பக்கவாட்டிலும் வளரும். விரலால் தடவி, சொரசொரப்பில்லாத திசையில் ஒரே முறை வழியுங்கள். சீழ் வைத்த பருவைச் சுற்றிக்கொண்டு போங்கள். நாலைந்து ஷேவுக்கு ஒரு புது பிளேடு.

படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், பருவை ஆற்றாது. பல பேர் முகத்தில் ஓடிய அந்தக் கட்டி உங்களுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெயும் துவாரத்தை அடைக்கும்.

கன்னத்துப் பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் நல்லது. ஷேவ் செய்த இரவில் மட்டும் தடவாதீர்கள், எரியும். தலையணை உறை வெளுத்துப்போகும், பழையதைப் போட்டுக்கொள்ளுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் பொறுமை போய் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் முகம் பளிச்சென்றிருக்கும். பிறகு பரு முன்னைவிட மோசமாகும்.

கட்டி கட்டியாக வலித்தாலோ, தழும்பு விழுந்தாலோ ஜிப்மர் தோல் பிரிவில் காட்டுங்கள். சில வாரம் ஷேவ் வேண்டாமென்று டாக்டர் சொன்னால் அதை எழுதி வாங்கி மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.