சிறுநீரக ஸ்லைடைப் படிப்பது எப்படி? டர்பன் மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டர்பன் பக்கம் நோய்க்குறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான்: ஸ்லைடைப் பார்த்த உடனே நோயின் பேரைத் தேடுவது. கண்ணில் படுவதை முதலில் சொல்லுங்கள். பேர் அப்புறம் தானே வரும்.

சாட்ஸ்வொர்த் மாணவி: அக்கா, எல்லாமே ரோஸ் நிறத்தில் ஒரே மாதிரி தெரிகிறது. எங்கே ஆரம்பிப்பது?

சின்ன லென்ஸில் ஆரம்பியுங்கள். உருண்டை உருண்டையாகக் கிளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் தந்துகிகளின், அதாவது நுண்ணிய ரத்தக்குழாய்களின் கொத்து) தெரிந்தால் அது புறணி, சிறுநீரகத்தின் வெளிப்பகுதி. எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை தழும்பாகிவிட்டது என்று எண்ணி எழுதுங்கள். ஒன்று இரண்டு மட்டும் இருந்தால் உறுதியாக எதுவும் சொல்லாதீர்கள். அப்புறம் குழாய்கள், இடைத்திசு, ரத்தக்குழாய் என்று வரிசையாகப் போங்கள். நல்ல புறணியில் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். நடுவே இடம் விழுந்திருந்தால் அங்கே நீர்க்கோவையோ, அழற்சிச் செல்களோ, தழும்போ இருக்கிறது.

பீனிக்ஸ் மாணவர்: சாதாரணச் சாயம் மட்டும் போதாதா?

போதாது தம்பி. பிஏஎஸ் என்ற சிறப்புச் சாயத்தில் அடித்தளச் சவ்வும் (தந்துகிச் சுவரைத் தாங்கும் மெல்லிய படலம்) மெசாஞ்சியமும் (தந்துகிகளைச் சேர்த்துப் பிடிக்கும் திசு) தெளிவாகும். வெள்ளிச் சாயத்தில் சவ்வு கறுப்புக் கோடாக நிற்கும், அது இரட்டையானாலும் அறுந்தாலும் உடனே தெரியும்.

வெருலம் மாணவி: பிறை என்பது ஒரு நோயா?

இல்லை, அது ஒரு காயத்தின் அடையாளம்: கிளோமெருலஸுக்குள் பிறை வடிவில் குவிந்த செல்கள். தந்துகியின் சுவர் கிழிந்து, ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம்) போமன் இடைவெளிக்குள், அதாவது தந்துகிக் கொத்துக்கும் அதன் உறைக்கும் நடுவே, கசிகிறது. அதைச் சுற்றி உறையின் உள்பக்கச் செல்கள் பெருகுகின்றன, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களும் வந்து சேர்கின்றன. வெள்ளிச் சாயத்தில் பாருங்கள்: தந்துகிக் கொத்து ஒரு மூலையில் நசுங்கிக் கிடக்கும், கறுப்புக் கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கும், மீதி இடத்தைச் செல்கள் அடைத்திருக்கும்.

காரணத்தைச் சொல்வது இம்யூனோஃப்ளோரசென்ஸ், அதாவது எதிர்ப்புப்பொருள் படிந்த இடத்தை ஒளிரச் செய்யும் சோதனை. ஐஜிஜி என்ற எதிர்ப்புப்பொருள் கோடு இழுத்தது போல ஒரே சீராக ஒளிர்ந்தால், அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனையே எதிர்ப்புப்பொருள் தாக்குகிறது. மணல் தூவியது போலப் புள்ளியாக ஒளிர்ந்தால் எதிர்ப்புப்பொருள் கூட்டுகள் படிந்திருக்கின்றன. லூபஸ் (நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் நோய்), ஐஜிஏ நோய் (ஐஜிஏ என்ற எதிர்ப்புப்பொருள் கிளோமெருலஸில் படிவது), ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றுக்குப் பின் வருவது எல்லாம் இதில் அடங்கும். அனேகமாக ஒன்றுமே ஒளிராவிட்டால் ஆன்கா (சொந்த வெள்ளணுக்களையே தாக்கும் எதிர்ப்புப்பொருள்) ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

பல கிளோமெருலஸ்களில் செல் நிறைந்த பிறையைக் கண்டால், அறிக்கை டைப் ஆகி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். சில வாரங்களில் சிறுநீரகம் போய்விடும். பிறை நாராக மாறிவிட்டால் மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

டோங்காட் மாணவர்: சிரங்கு வந்த பையனுக்குச் சிறுநீர் கோக் நிறத்தில் போகிறது. ஐஜிஏ நோயாக இருக்குமா?

நாள் கணக்கைக் கேளுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் தொண்டை வலிக்குப் பின் 1–2 வாரம், தோல் புண்ணுக்குப் பின் 3 வாரமோ அதற்கு மேலோ ஆகும். ரத்தத்தில் சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதம் குறையும். ஐஜிஏ நோயில் சளி பிடித்த ஓரிரு நாளிலேயே ரத்தம் போகும், சி3 சரியாக இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையில் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுவார்கள், பயாப்சியே தேவைப்படாது.

உம்லாசி மாணவி: தென்னாப்பிரிக்காவில் கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும்?

எச்ஐவி. அதில் தந்துகிக் கொத்து சுருங்கி விழும், மேலே போடோசைட்கள் (தந்துகியை வெளிப்பக்கம் மூடும் செல்கள்) குவியும், குழாய்கள் பை போல விரியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணும் ஏபிஓஎல்1 மரபணு மாற்றம் இதற்கு வழி விடுகிறது. அந்தக் குவியலைப் பிறை என்று எழுதிவிடாதீர்கள். இங்கே சவ்வு அறுந்திருக்காது, ஃபைப்ரினும் இருக்காது. சந்தேகம் வந்தால் வெள்ளிச் சாய ஸ்லைடைத் திரும்ப எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டைப் பாருங்கள்.