வயதானால் கவனம் ஏன் சிதறுகிறது? கேள்வி பதில்

கே (சத்துவாச்சாரி): மேடம், அப்பாவுக்கு 72. டிவி ஓடும்போது எதைச் சொன்னாலும் பாதிதான் மண்டையில் ஏறுகிறது. காது டெஸ்ட்டில் பெரிய குறை இல்லையாம்.

ப: சத்தம் காதில் விழுவது ஒன்று, வேண்டாத சத்தத்தை ஒதுக்குவது வேறொன்று. வயது ஏற ஏற இந்த ஒதுக்குகிற வேலைதான் தளர்கிறது என்று லின் ஹாஷர், ரோஸ் சாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1988-லேயே சொன்னார்கள். 2005-ல் ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு நடந்தது. முகங்களைக் கவனியுங்கள், இயற்கைக் காட்சிகளை விட்டுவிடுங்கள் என்றார்கள்; பிறகு மாற்றியும் சொன்னார்கள். கவனிக்க வேண்டியதற்கு முதியவர்களின் மூளை இளைஞர்களைப் போலவே வேலை செய்தது. விட வேண்டியதற்குத்தான் அடங்கவில்லை.

அதனால் டிவி சத்தத்தைக் குறைத்தால் போதாது, அணைத்துவிடுங்கள். எதிரே வந்து "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் முகம் திரும்பிய பிறகு பேசுங்கள். ஒரு தடவைக்கு ஒரே விஷயம்.

கே (காட்பாடி): அம்மா பிரஷர் மாத்திரையை ரெண்டு தடவை போட்டுக்கொள்கிறார்.

ப: ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்ததும் போன் அடிக்கும், குக்கர் விசில் வரும். திரும்பி வந்தால் "போட்டேனா?" என்ற கேள்விக்கு நேற்றைய ஞாபகம் வந்து பதில் சொல்லும். ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்குங்கள். ஞாயிறு காலை, வெளிச்சத்தில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு நிரப்புங்கள். முதலில் பிரஷர் மாத்திரையை ஏழு நாளுக்கும் அதற்குரிய அறைகளில் போட்டு முடித்துவிட்டு அடுத்த ஸ்ட்ரிப்பை எடுங்கள். அறை காலி என்றால் போட்டாயிற்று. ஞாபகத்தை நம்ப வேண்டியதே இல்லை.

கே (ஆரணி): ஒத்துக்கொள்ள முடியவில்லை மேடம். எங்கள் மாமாவுக்கு 70. சுற்றி நாலு தறி ஓடும்போதே அறுந்த பாவு இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். கவனம் எங்கே குறைந்தது?

ப: சரியான இடத்தில் கேட்டீர்கள் ஐயா. தறிச் சத்தம் ஒரே தாளம், அதில் அர்த்தம் கிடையாது. பழகிய மூளை அதைக் கண்டுகொள்ளாது. பேச்சு அப்படியல்ல, காதில் பட்டதுமே அர்த்தம் உள்ளே புகுந்துவிடும். இழையை முடிச்சுப் போடுவதும் பல வருஷம் கை பழகிய வேலை. மாமா புது டிசைனுக்கு இழை எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் கூலிக் கணக்குப் பேசட்டும், வித்தியாசம் தெரியும்.

கே (ஆரணி): அதில் 25 வயதுப் பையனுக்கும்தான் எண்ணிக்கை தவறும்!

ப: தவறும். முதியவருக்கு அதிகமாகத் தவறும், மறுபடி எண்ணத் தொடங்க நேரமும் கூடுதலாகும். மாமாவின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. பழகிய தொழில் முதுமையில் நன்றாகவே நிற்கும். புது வேலையோடு பக்கத்துப் பேச்சும் சேரும்போதுதான் சிக்கல்.

கே (குடியாத்தம்): நானும் நெசவுதான். காலையில் வருகிற கணக்கு சாயங்காலம் வருவதில்லை. இதுவும் அதுதானா?

ப: அதேதான். முதியவர்களில் பலர் காலை மனிதர்கள். மாலையில் ஒதுக்கும் திறன் இன்னும் தளரும். எண்ணுவது, பேங்க் வேலை, கையெழுத்து எல்லாவற்றையும் காலையில் முடியுங்கள்.

கே (ஆம்பூர்): வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?

ப: கவனச் சிதறலைச் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிற சர்க்கரைக்காரர்களுக்கு பி12 குறையலாம்.

கே (வாலாஜா): ஞாபக சக்தி சிரப்?

ப: வல்லாரைக்குச் சொன்னதுதான். அதைவிட, மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சளி மாத்திரையைப் பாருங்கள். குளோர்பெனிரமின் இருந்தால் முதியவர்களுக்குத் தூக்கமும் குழப்பமும் வரலாம்.

கே (ராணிப்பேட்டை): தாத்தா ரெண்டு நாளாக ஆளை மாற்றிப் பேசுகிறார், ராத்திரி தூங்குவதில்லை. வயசுதானே?

ப: இல்லை. நாள் கணக்கில் வந்த குழப்பம் வயதால் வராது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றிப்போவது, புதிதாகத் தொடங்கிய மருந்து, இதில் ஏதாவது இருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் எடுத்துக்கொண்டு.