விறாந்தையில் விழுந்த ஆறுமணிக்குருவி

கேள்வி: ஒக்டோபரில் ஒருநாள் காலை எங்கள் விறாந்தையில் ஆறுமணிக்குருவி ஒன்று சோர்ந்துபோய்க் கிடந்தது. "தொடாதே, எங்கிருந்தோ நோயைக் கொண்டுவந்திருக்கும்" என்று அம்மம்மா தடுத்துவிட்டா. வலசை வரும் பறவைகள் நோயாளிகளா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள், பம்பலப்பிட்டியில் இருந்த காலத்தில் நானும் இப்படி ஒன்றைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்திமாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. இந்தியக் காடுகளில், இமயமலை அடிவாரம்வரை, குஞ்சு பொரித்துவிட்டு இரவிரவாகப் பறந்து வருகிற குருவி அது. கொழுப்பெல்லாம் எரிந்து, கடைசியில் கொழும்பின் வெளிச்சத்தில் தடுமாறி யன்னல் கண்ணாடியில் மோதிவிடும். அநேகமாக நீங்கள் கண்டதும் நோயல்ல, களைப்பும் அடியும்தான்.

ஆனால் களைப்பு நோய்க்குக் கதவு திறக்கும். சுவீடனில் ரெட்விங் பறவைகளைக் கூண்டில் வைத்து, வலசைக் காலத்துத் தவிப்பை மட்டும் உண்டாக்கிப் பார்த்தார்கள். உடம்புக்குள் அடங்கிக் கிடந்த, உண்ணிகளால் பரவுகிற லைம் நோயின் கிருமி மறுபடி தலைதூக்கியது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு அது. அவை பறக்கவேயில்லை, புறப்படத் துடித்ததே போதுமாக இருந்தது!

அதேநேரம் வலசை ஒரு சல்லடையும்கூட. நெதர்லாந்தில் வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல் தொற்றிய பெவிக் அன்னங்கள் மற்றவற்றைவிட ஒரு மாதத்துக்கும் மேல் பிந்தித்தான் கிளம்பின, போன தூரமும் குறைவு. மிகச் சில அன்னங்களில் கண்டதுதான், என்றாலும் நோயுற்றது பின்தங்கிவிடும் என்பதை அது காட்டுகிறது.

அம்மம்மாவின் பயமும் வீண் அல்ல. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸால் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. ஆனால் அந்த வைரஸின் முன்னோடி 1996இல் பிடிபட்டது தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், பண்ணையில் வளர்த்த வாத்தில். நாங்கள் நெருக்கி அடைத்து வளர்த்ததில் பெருகிய நோய் காட்டுப் பறவைகளுக்குப் போனதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

சரி, இனி ஒன்று விழுந்தால் துணியால் மெதுவாக எடுத்து, காற்றுத் துளையிட்ட பெட்டியில், இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பொழுதுபடுகிற நேரம் பற்றைக்குள் விட்டுவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஓரிடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் மட்டும் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அப்புறம், ஒக்டோபர் முடியும்வரை இரவில் அந்த விறாந்தை விளக்கை அணைத்து வையுங்கள்.