வகுப்பறையிலிருந்து மறுபடி செய்திக் களத்துக்கு: கேள்வி பதில்

பல வருடங்கள் இதழியல் கற்பித்த பிறகு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு நாளிதழில் நிருபராக வேலை பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பியிருக்கிறேன். மாணவர்களும் சக ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மேடம், திரும்பப் போனதும் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?

முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்வதுதான். எழுத்து கைவிடவில்லை. ஆனால் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது நெஞ்சு படபடத்தது. மறுமுனையில் எடுக்காமல் மணி அடித்து ஓய்ந்தால் ஒரு நிம்மதி வந்தது. "போன் எடுக்கல மேடம்" என்று மாணவர்கள் சொன்னால் சாக்கு என்றுதான் ஆசிரியர்கள் பலரும் எடுத்துக்கொள்கிறோம். அதற்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு அறிவுரை உதவாது. பெயர், பத்திரிகை, எதைப் பற்றி, எவ்வளவு நேரம் ஆகும்: இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் வாக்கியம் கையில் இருந்தால் மீதி வந்துவிடும்.

நானும் இதழியல் ஆசிரியர்தான். இரக்கப்பட்டு மார்க் போட்டால் மாணவர்கள் கெட்டுப்போக மாட்டார்களா?

மார்க்கைத் தாராளமாக்கவில்லை. பெயரைத் தப்பாக எழுதினால் இன்றும் குறைக்கிறேன். அது அச்சானால் உண்மையான ஒரு மனிதருக்குச் சங்கடம். நான் மாற்றியது வேறு. முன்பு காப்பியை, அதாவது மாணவர் எழுதிய செய்தியை மட்டும் வாங்குவேன். இப்போது அதோடு யாரை, எப்போது தொடர்புகொண்டார்கள், என்ன பதில் வந்தது என்ற குறிப்பையும் சேர்த்து வாங்குகிறேன். பலரிடம் அலைந்து ஒரே ஒரு மேற்கோளோடு வந்தவளையும், உட்கார்ந்த இடத்தில் தெரிந்தவரிடம் நாலு வரி வாங்கியவனையும் காப்பியை வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. குறிப்பைப் பார்த்தால் யார் எங்கே முட்டி நின்றார்கள் என்று தெரிகிறது.

சிவப்பு மையில் எழுதுவதும் மாறியிருக்கிறது. "இன்னொரு தரப்பு எங்கே?" என்று மட்டும் எழுதினால் மாணவருக்கு வழி தெரியாது. "அதிகாரி எடுக்கவில்லை என்றால் அவர் அலுவலகத்தில் வேறு யாரைக் கேட்டாய்? கேள்விகளை எழுத்தில் அனுப்பினாயா?" என்று எழுதுகிறேன். 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று போடும் முன் உண்மையாகவே முயன்றிருக்க வேண்டும், பதில் சொல்ல நேரமும் கொடுத்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

டெட்லைனைத் தள்ளிவைப்பீர்களா மேடம்?

இல்லை. ஆனால் செய்தி அறையில் டெட்லைன் திடீரென்று வந்து நிற்பதில்லை. மதியமே சீஃப் ரிப்போர்ட்டர் "என்ன கையில் இருக்கு?" என்று கேட்டுவிடுவார். செய்தி தேறாது என்றால் அப்போதே வேறு கோணம் பேசிவிடலாம். வகுப்பில்தான் வேலையைக் கொடுத்துவிட்டுக் கடைசி நாள் வரை காணாமல் போகிறோம். அதனால் நானும் இப்போது நடுவில் ஒருமுறை கேட்கிறேன்.

என் செய்தியின் முதல் பத்தியை, செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் அப்படியே மாற்றிவிட்டார்கள். மனசு ஆறவில்லை.

எனக்கும் வலித்தது. பதிப்பு முடிந்த பிறகு போய், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். தகவல் பிழையாகிவிட்டிருந்தால் மட்டும் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்.

துக்க வீட்டில் போய்ப் பேட்டி எடுக்கத் தயங்கினேன். நான் இந்த வேலைக்குச் சரிப்படுவேனா?

தயங்குகிறவர்கள்தான் அங்கே போக வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்கத் தொழில்முறை இதழாளர் சங்கத்தின் நெறிமுறையில் உள்ள நான்கு கோட்பாடுகளில் ஒன்று, தீங்கைக் குறைப்பது. வாசலிலேயே நின்று, ஒரு உறவினரிடம் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பேச விருப்பம் உண்டா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். வகுப்பில் அப்படி வெறுங்கையோடு வரும் மாணவருக்கு மார்க் குறையாது.

எல்லா ஆசிரியர்களும் விடுப்பு எடுத்துப் போக முடியுமா?

முடியாதுதான். 1908-இல் தொடங்கிய அமெரிக்காவின் மிசூரி இதழியல் பள்ளியில், முதல் நாளிலிருந்தே மாணவர்கள் உண்மையான வாசகர்களுக்கு நாளிதழ் நடத்தினார்கள். அந்த அளவுக்கு வசதி இல்லாவிட்டாலும், மாணவர்களுக்குக் கொடுக்கும் அதே வேலையை, அதே டெட்லைனில், பருவத்துக்கு ஒருமுறை நாமும் செய்யலாம். நான் தொடங்கிவிட்டேன். என் காப்பியை மாணவர்கள்தான் திருத்துகிறார்கள்.