துரையின் கோர்ப்பரேஷன்

வணக்கம்.

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வாசிப்புக்குக் கொடுத்த பழைய கதையொன்றில், மாடியேறும் தோட்டத்துரையின் 'கோர்ப்பரேஷன்' அவருக்கு முன்னாலேயே மேலே போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி. பிள்ளைகள் எல்லாரும் 'கூட்டுத்தாபனம்' என்று எழுதிவிட்டார்கள். அதற்கு வயிறு என்றும் அர்த்தம் இருக்கிறது என்கிறார் சக ஆசிரியர். உண்மையா? இப்படிப்பட்ட சொற்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அவர் சொன்னது சரிதான். ஆனால் வெறும் வயிறல்ல, தொந்தி. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கேலியாக வழங்கிவரும் பொருள் அது. லத்தீனில் 'கோர்ப்பஸ்' என்றால் உடல். பலர் கூடி ஓருடலாக இயங்குவது கோர்ப்பரேஷன். உடம்பு பருத்தவரைச் சொல்லும் 'கோர்ப்புலன்ட்' என்ற சொல்லுக்கும் வேர் அதுவே. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டதால் கிண்டலுக்குத் தோதாகிவிட்டது. கோர்ப்பரேஷன் என்றே அழைக்கப்பட்ட இங்கிலாந்து நகரசபைகளின் மூத்த உறுப்பினர்களான ஆல்டர்மேன்கள் விருந்துக்குப் பேர்போனவர்கள் என்பதும் பழைய பகிடிதான். சொசேஜ் மாலை சுற்றிய வான்கோழி வறுவலுக்கு 'சங்கிலி போட்ட ஆல்டர்மேன்' என்று பட்டப்பெயரே இருந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகிக் கூட்டுத்தாபனங்களின் கைக்குப் போன நாளிலிருந்து மலையகத்தில் கூட்டுத்தாபனம் என்பது சம்பளத்தோடு சேர்ந்த சொல். அகராதியிலும் அந்தப் பொருள்தான் முதல் வரியில் நிற்கும். பிழை அங்கேதான் தொடங்குகிறது: முதல் வரியோடு அகராதியை மூடிவிடுகிறோம். தொந்தி என்ற பொருள் கடைசியில், 'பழைய வழக்கு', 'நகைச்சுவை' என்ற குறிப்போடு கிடக்கும். அகராதியைத் திறக்குமுன் வசனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 'அவருடைய' கோர்ப்பரேஷன், அவரோடு படியேறுகிறது. ஒரு துரைக்குச் சொந்தமாகக் கூட்டுத்தாபனம் இருக்குமா, இருந்தாலும் அது மாடியேறுமா என்று கேட்டாலே வகுப்பில் பாதிப்பேர் பிடித்துவிடுவார்கள்.

வயிற்றுக்கு இன்னும் பட்டப்பெயர்கள் உண்டு. 'பிரெட் பாஸ்கட்' குத்துச்சண்டைக்காரர்களின் பேச்சு. அங்கே குத்து விழுந்தது என்றால் இரைப்பையில் விழுந்தது என்று அர்த்தம். வெளியே துருத்திய ஜன்னலைச் சொல்லும் 'பே விண்டோ' அமெரிக்கரின் தொப்பை.

ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு இவற்றைவிடப் பக்கத்தில் இருப்பது 'பிளக்'. மலையில் அதற்கு விளக்கம் தேவையில்லை, கொழுந்து பறிப்பது. அதே சொல் பெயர்ச்சொல்லாக வந்தால் துணிச்சல். இறைச்சிக் கடைக்குப் போனால், அறுத்த ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரல் மூன்றும் சேர்ந்தது. வயிற்றைக் கீறியதும் ஒரேயடியாகப் பிடுங்கி எடுப்பதால் அந்தப் பெயர். இருதயம் அதில் இருப்பதால்தான் துணிச்சல் என்ற பொருளும் பிறந்தது. நாம் 'ஈரல்குலை நடுங்குது' என்கிறோமே, அந்தக் குலைதான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரின் நாடான ஸ்கொட்லாந்தில், இந்தக் குலையை அவித்துக் கொத்தி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம் சேர்த்து ஆட்டின் இரைப்பையிலேயே அடைத்து அவிப்பார்கள். ஹாகிஸ் என்பது அதுதான். மூன்று பொருளையும் பிரிக்க வழி சுலபம்: வினையாக வந்து பின்னால் இலையோ பூவோ நின்றால் பறித்தல், மனிதரைப் புகழும் இடத்தில் முன்னால் 'a' என்ற ஆர்ட்டிகிள் இல்லாமல் நின்றால் துணிச்சல், ஆடுமாடு முன்னால் நின்றால் குலை.

'லிக்கர்' இன்னொரு பொறி. தேயிலை ருசி பார்ப்பவரின் அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டு மதுபானம் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது வடித்தெடுத்த வெறும் தேத்தண்ணி. சர்வதேசத் தர அளவு 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள். கொதிநீர் ஊற்றி மூடி 6 நிமிடம் விட்டு, கிண்ணத்தில் வடிக்க வேண்டும். வடித்த சாயம் லிக்கர். வெளி ஆங்கிலத்தில் 'இன்ஃபியூஷன்' என்றால் ஊறிய சாறு. ருசி பார்க்கும் மேசையிலோ மூடியில் கவிழ்த்து வைத்த ஈர இலைக்கு அந்தப் பெயர். சாறு இலையாகிவிட்டது! தோட்டத்து டீமேக்கர் யாரையாவது வகுப்புக்கு அழைத்தால் இதை நேரிலேயே காட்டிவிடலாம். பாடநூல் பட்டியலைவிட அந்த ஒரு மணித்தியாலம் அதிகம் படிப்பிக்கும்.

எழுதும்போது மட்டும் கவனம். கோர்ப்பரேஷனைத் தொந்தி என்ற பொருளில் வாசித்துப் புரிந்தால் போதும். இன்று ஆங்கிலேயரிலும் பலருக்கு அது புரியாது, பரீட்சைத் தாளில் போட வேண்டாம். 'லைன்ஸ்' என்பதும் அப்படியே. இராணுவ முகாமின் குடிசை வரிசைக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நம் லயத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, ஆனால் வெளிநாட்டு வாசகர் கோடு என்றோ ரயில்பாதை என்றோதான் நினைப்பார். கட்டுரையில் 'எஸ்டேட் லைன் ரூம்ஸ்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.