போவது சேர்ந்து, சுற்றுவது அவரவர் காலுக்கு ஏற்றபடி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்திருக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால், பேரனை மாலையில் பள்ளியிலிருந்து அழைத்து வரும்வரை பேச ஆள் இல்லை. பூங்காவில் பழக்கமான ஒரு மதுரைத் தம்பதி, சேலத்து அம்மா, ஹைதராபாத் அம்மா என்று நான்கு பேர் அடிக்கடி ஒருநாள் பயணம் போகிறார்கள். அவர்களோடு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போனேன். மூட்டுவலியால் பின்தங்கிவிட்டேன், எல்லோரும் எனக்காக நின்று நின்று போனது கூச்சமாகிவிட்டது. டிக்கெட் காசையும் மதுரைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் போகக் கூப்பிடுகிறார்கள். என் விசாவில் ஒருமுறைதான் நுழைய அனுமதி. பேசாமல் மறுத்துவிடட்டுமா?
- வாசகி, பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்

பதில்:

டீச்சர், மறுக்காதீர்கள். போங்கள்.

மகன் வீட்டுக்கு வந்து இதே மியூனிக்கில் நானும் தங்கியிருக்கிறேன் என்பதால் உங்கள் பகல் பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் காவேரிப்பட்டணத்தில் வாசலில் வந்து நின்றாலே யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள். மியூனிக்கில் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் தானாகக் கூப்பிடுகிற நான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள், மூட்டுவலிக்காக அவர்களை விட்டுவிடலாமா?

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்குக் கூச்சம் வந்ததற்கு உங்கள் கால் காரணமில்லை, நீங்கள் போன இடம்தான் காரணம். அந்தக் கோட்டைக்கு நுழைவுச் சீட்டில் நேரம் போட்டுத்தான் தருவார்கள், அந்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், அதனால் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே எல்லோருக்கும் பரபரப்புதான். ஃபூசன் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து அடிவாரம் போய், அங்கிருந்து அரைமணிக்கு மேல் மேட்டில் ஏறி, உள்ளேயும் நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறி இறங்க வேண்டும். இரண்டாம் லுட்விக் மன்னன் 1869-ல் கட்ட ஆரம்பித்த அழகான கோட்டை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூட்டுவலியோடு போகிறவருக்கு முதல் பயணமாக அது வேண்டாம்.

இனி இப்படிச் செய்யுங்கள். ரயிலில் சேர்ந்து போங்கள், போன ஊரில் பிரிந்து விடுங்கள், திரும்பும் ரயிலுக்குச் சேர்ந்து கொள்ளுங்கள். நாள் முழுக்க ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். இதைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். "நான் மெதுவாகத்தான் நடப்பேன், நீங்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் ஏரிக்கரையில் இருக்கிறேன், மூன்றரைக்கு ஸ்டேஷனில் பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். உங்களை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற சங்கடம் அவர்களுக்கும் இருந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து காசு விஷயம். மதுரைக்காரர் எடுத்தது பெரும்பாலும் பையர்ன் டிக்கெட்டாக இருக்கும். பையர்ன் என்பது மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் அந்த மாநிலம் முழுக்க ஒருநாள் சுற்றலாம். வேகமான ஐசிஇ, ஐசி ரயில்களில் செல்லாது, ஊர் ஊராக நிற்கும் ரயிலில்தான் செல்லும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான் ஏறலாம். பயணம் செய்கிறவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். சீட்டு ஒருவர் கையில் இருக்கும் என்பதால், அசதியாக இருக்கிறது, நான் முன்னால் போகிறேன் என்று நீங்கள் தனியே கிளம்பினால் உங்களுக்கென்று வேறு டிக்கெட் வாங்க வேண்டும். கூட்டத்தோடு கட்டுண்டு போகிற உணர்வு உங்களுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட்தான் சரி. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுக்க அதே சாதாரண ரயில்களிலும், ஊருக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பஸ்களிலும் செல்லும், காலை 9 மணிக் கணக்கெல்லாம் கிடையாது. உங்கள் பெயரில் இருக்கும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. மாதச் சந்தா முறை என்பதால் மகள்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கும், வேண்டாம் என்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்துசெய்யச் சொல்லுங்கள், மறந்தால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் மனது அடித்துக்கொள்ளும்தான். ஆனால் மாதத்தில் சில நாள் வெளியே போனாலே கட்டுபடியாகிவிடும், அதைவிட முக்கியம், நினைத்த நேரத்தில் யார் தயவும் இல்லாமல் வீடு திரும்பலாம்.

போன தடவைக் காசை மதுரைக்காரரிடம் திணிக்க வேண்டாம். நம் பக்கமும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க அடித்துக்கொள்கிறவர்கள்தானே நாம், அந்த அன்பு புரிகிறது. ஆனால் அது தொடர்ந்தால் வாங்குகிறவருக்கு வாய் அடைத்துப்போகும், எங்கே போகலாம் என்று கேட்டால்கூடச் சொல்லத் தயங்குவார். ஆகவே அடுத்த பயணத்தில் எல்லோருக்கும் காபி, கேக் உங்கள் செலவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சால்ஸ்பர்க் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரே விசா செல்லுபடியாகிற ஷெங்கன் நாடுகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தால் விசாவில் இருக்கிற ஒரு நுழைவு தீர்ந்துபோகாது. 180 நாளில் மொத்தம் 90 நாள்தான் இந்த நாடுகளில் தங்கலாம் என்கிற கணக்குதான் முக்கியம், ஆஸ்திரியாவில் கழிக்கும் நாளும் அதிலேயே சேரும். ஆனால் பாஸ்போர்ட்டின் அசல் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. திரும்பி வரும்போது ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு, 2015-லிருந்தே அந்த எல்லையில் சோதனை இருக்கிறது. உங்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். அங்கே மிராபெல் தோட்டம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம்தான், சமதரை, உட்கார நிறைய இடம். மற்றவர்கள் மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் போகட்டும். போக ஆசை இருந்தால் நீங்களும் போகலாம், மேலே போக இழுவை ரயில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ரேகன்ஸ்பூர்க் போங்கள். டான்யூப் ஆற்றின் மேல் 12-ம் நூற்றாண்டுக் கல் பாலம், அதை ஒட்டிப் பழைய ஊர், எல்லாம் சமதரை. நாள் நீளமாக இருக்கும்போது கோனிக்சே ஏரி. 1909-லிருந்து அங்கே மின்சாரப் படகுதான், சத்தமே இருக்காது, நடு ஏரியில் நிறுத்திப் படகுக்காரர் ஊதுகுழல் வாசிப்பார், எதிர்ப் பாறை அதைத் திருப்பி வாசிக்கும். ஒகேனக்கல்லில் அருவி இரைச்சலுக்கு நடுவே பரிசலில் போய்ப் பழகிய நமக்கு அது வேறு மாதிரி இருக்கும், அவசியம் பாருங்கள். ரயில், பஸ், படகு என்று மாறிப் போக வேண்டியிருந்தாலும் ஏறி இறங்குவது குறைவு. படகுக்குத் தனிக் கட்டணம்.

சில்லறை விஷயங்கள். ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு வேண்டும், நாணயம் வைத்திருங்கள், முடிந்தால் ரயிலிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் போடுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தால் உதவும். விசாவுக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டின் நகலும் அதோடு இருக்கட்டும். அவசரத்துக்கு எண் 112.

மகளிடம் வாரத்தில் ஒருநாளைக் கேட்டு வாங்குங்கள். அன்று பேரனை அழைத்து வரும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பேரனை நீங்கள் பார்த்துக்கொள்வது அன்பினால்தான், அதற்காக உங்களுக்கென்று ஒரு நாள் கேட்கக் கூடாது என்றில்லை. மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று மனதுக்குள் வைத்துக் குமைய வேண்டாம், மகளை விட்டே பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், சால்ஸ்பர்க்குக்கு முன்னால் பக்கத்தில் ஒரு ஊருக்கு நீங்களே அவர்களைக் கூப்பிடுங்கள். டேகர்ன்சே ஏரி, மியூனிக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், கரையோரம் நல்ல நடைபாதை. ஒரே ஒரு கவனம், அந்த ரயில் ஹோல்ஸ்கிர்ஷன் ஸ்டேஷனில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ஏறும் பெட்டியில் டேகர்ன்சே என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.